சத்வா வில்லாவின் அரசியல் சட்டம்

வொயிட்னர் மூடியை யாராவது திறந்தால் போதும். அந்தக் காரமும் இனிப்பும் கலந்த வாசனையில் துபாய் சத்வாவின் பழைய வில்லா எனக்குள் எழுந்து நின்றுவிடும். ஒன்பது பேர், இரண்டு அறை, ஒரு குளியலறை, நடுவே ப்ளைவுட் சுவர். கூடவே, விரல் நுனியெல்லாம் வெள்ளை படிந்த டைப்பிங் அண்ணாச்சி. அமெரிக்க அரசியல் சட்டத்தை அமெரிக்கர்களைவிட அதிகம் நம்பிய மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

தெருமுனை டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பம் அடிப்பது அவர் வேலை. யாரோ நகலெடுக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமல் போன ஒரு சின்னப் புத்தகம் அங்கே கிடந்தது: அமெரிக்க அரசியல் சட்டம். விண்ணப்பத்துக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவே அதைப் படித்தார். படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா அவர்?

அப்போது வில்லாவை ஆண்டவர் பஸ் டிரைவர் மணி அண்ணன். எங்கள் எல்லோருக்கும் சீனியர். ஏசி ரிமோட் அவர் லுங்கி மடிப்பில் இருக்கும். அவருக்குக் குளிர்ந்தால் ஆகஸ்ட் மாதத்திலும் எல்லோருக்கும் குளிர்ந்தாக வேண்டும்.

"ஒரு ஆளு, ஒரு ரிமோட்டு. இதுக்குப் பேரு ராஜா ஆட்சிவே," என்றார் அண்ணாச்சி. "இத ஒத்துக்கிடாமத்தான் அமெரிக்காக்காரன் சண்டையே போட்டான்."

"அங்கயும் ரிமோட் பிரச்சினதானா?" என்றான் சமையல் ராசு.

நாலு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து சட்டம் எழுதினோம். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாக வேண்டும் என்றார் அண்ணாச்சி. விஷயம் வெளியே கசியக்கூடாதென்று அங்கேயும் கோடையில் இப்படித்தான் வெந்துகொண்டே எழுதினார்களாம். எங்கள் விஷயம் கசிந்தால் கேட்பதற்குப் பக்கத்துத் தையற்கடைப் பூனை ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் வெந்தோம்.

பெரிய அறையில் ஆறு பேர். அவர்கள் தலைக்கு ஒரு ஓட்டு கேட்டார்கள். சின்ன அறையில் அண்ணாச்சி, ராசு, நான். இரண்டு அறையும் சமம் என்றோம் நாங்கள். அண்ணாச்சி இரண்டு சபை வைத்தார். ஒன்று தலையை எண்ணும்; இன்னொன்றில் அறைக்கு இரண்டு பேர். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம். ஜனாதிபதியாக மணி அண்ணனையே தேர்ந்தெடுத்தோம். ரிமோட் அவர் கையில், பேட்டரி சபையின் கையில். இருவரும் ஒத்துப்போனால்தான் காற்று வரும். நீதிபதி, வாய் திறக்காத ஒரு எலக்ட்ரீஷியன். பதவி ஆயுள் முழுக்க. எங்கள் வில்லாவில் ஆயுள் என்றால் விசா முடியும் வரை.

இரண்டு மாதம் சொர்க்கம். பிறகு என் குறட்டை மசோதா வந்தது.

என் குறட்டையைப் பற்றி நானே சொல்வது அழகல்ல. ப்ளைவுட் அதிரும் என்பார்கள். "விடியக்காலம் அம்பது பேர வச்சு வண்டி ஓட்டுறேன்ப்பா. இவன் கம்பெனி கேம்ப்புக்குப் போகட்டும்," என்றார் மணி அண்ணன். தொழிலாளர்கள் தங்கும் அந்தக் கேம்ப் ஊரைத் தாண்டிப் பாலைவன ஓரத்தில். ஹெல்பர் வேலையிலிருந்து மேலே ஏற எனக்கு இருந்த ஒரே படி, பர் துபாயில் மாலை நேர ட்ராயிங் வகுப்பு. கேம்ப்புக்குப் போனால் வகுப்பு கலாஸ்.

தலைச் சபையில் ஏழுக்கு இரண்டு. அறைச் சபையில் மூன்றுக்கு ஒன்று. ராசு என்னைப் பார்க்காமல் கை தூக்கினான். நீதிபதி முதன்முறையாக வாய் திறந்தார்: "சட்டப்படி சரி."

அண்ணாச்சி முகம் வெளிறிவிட்டது. "எல்லாம் ஒழுங்காத்தானவே நடந்திருக்கு? பொறவு ஏன் இது தப்பா இருக்கு?"

புத்தகத்தை எடுத்தார். கடைசியில் கையெழுத்துப் பக்கம். அதற்குப் பின்னும் தாள்கள் இருந்தன. அவர் திருப்பியதே இல்லை. ஆயுளெல்லாம் விண்ணப்பம் அடித்தவருக்குக் கையெழுத்து வந்தால் காகிதம் முடிந்தது. அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்தாலும் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள்.

இப்போது திருப்பினார். படித்தார். தன் தலையிலேயே ஓங்கி ஒன்று போட்டுக்கொண்டார்.

"அவனுவளும் மொதல்ல விட்டுட்டானுவவே! எங்க உரிமை எங்கன்னு ஜனங்க கேட்ட பொறவுதான் பத்துத் திருத்தம் சேத்திருக்கான். எத்தன கை ஏறுனாலும் தொடக்கூடாதது சிலது இருக்காம்!"

அங்கேயே திருத்தம் ஒன்றைச் சொன்னார்: அவனவன் கட்டில் அவனவனுக்கு, ஓட்டெடுத்துப் பிடுங்கக்கூடாது. ஆனால் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மணி அண்ணன் அசைந்தால்தான் பெரிய அறை அசையும்.

"முடியாது அண்ணாச்சி. தூக்கம் கெடுது."

"சரி. ஒம்ம கட்டிலுக்கு அடியில கருவாட்டு டப்பா இருக்குல்லா?"

"அது எங்கம்மா குடுத்துவிட்டது!"

"நாளைக்கு அதுக்கும் ஓட்டெடுப்போம். எத்தன கை ஏறும்னு நீரே பாரும்."

மணி அண்ணன் சுற்றிப் பார்த்தார். யாரும் ஓட்டெடுப்பு அறிவிக்கவில்லை. ஆனால் ஐந்து கைகள் அதற்குள் அரைக்கம்பத்தில் நின்றன. அவர் கட்டிலடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கட்டிலடியைப் பார்த்தார்.

"எழுதுங்க அண்ணாச்சி, அந்தத் திருத்தத்த."

சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தில், கையெழுத்துகளுக்குக் கீழே, அண்ணாச்சி வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வரி எழுதினார். அன்றே ப்ளைவுட் ஓரமிருந்த என் கட்டிலை எதிர்ச் சுவருக்கு, தன் கட்டிலுக்கு ஒட்டி, இழுத்துப் போட்டார். அதற்கு எந்தச் சபையையும் கேட்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினார். காலையில் அதை எடுக்க மறந்து, நான் சலாம் சொன்னால் நேரம் எத்தனை என்று பதில் சொல்வார்.

வகுப்பை முடித்தேன். கத்தாரின் ராஸ் லஃபானில் ட்ராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. புறப்படும் அன்று அண்ணாச்சி டாக்சி ஜன்னலுக்குள் குனிந்து, என் விசாத்தாளை வாங்கி, பெயரின் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தார். திருப்பிக் கொடுத்த பிறகும் ஜன்னலிலிருந்து கையை எடுக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான்.

"அங்க எவனாவது ஒன்னயக் கட்டில விட்டு எந்திரிக்கச் சொன்னா போன் போடுவே," என்றார். "எனக்கொரு விசாவ நானே அடிச்சுக்கிட்டு வாரேன்."