துரை பங்களா அலுமாரி

யட்டியாந்தோட்டை,
16.08.1975

பேரன்புள்ள மாமா அவர்களுக்கு,

தங்கச்சி மகள் பரிமளம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நடந்ததை எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதுகிறேன்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது அவர் பங்களாச் சாமானிலிருந்து நீங்கள் ஏலத்தில் எடுத்து எங்களுக்கு அனுப்பிய அலுமாரி வந்து சேர்ந்தது. எங்கள் லயத்து ஒற்றை அறை வீட்டு வாசலில் அது நுழையாததால் கதவையும் நிலையையும் கழற்றினார்கள். லொறி டிரைவர் மக்கீன் அப்பாவைப் பார்த்து, “கந்தையாண்ணே, இத வெளிய வச்சி நீங்க இதுக்குள்ள குடியிருங்க, அது லேசு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. அன்று முதல் வீட்டில் இடமில்லாமல் அப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுக்கிறார். சாரல் அடித்து இருமல் வந்துவிட்டது.

எளிய வாழ்க்கை பற்றிக் கட்டுரை எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். ஆனாலும் அலுமாரியை முதலில் திறந்து பார்த்தவளும் நான்தான். கொடியில் கிடந்த எங்கள் துணி முழுவதையும் அம்மா மடித்து வைத்தார். ஒரு தட்டுகூட நிறையவில்லை.

“நம்மகிட்ட இவ்வளவுதானா?” என்றார் அம்மா.

“கொடியில தொங்குனப்ப நெறைய இருந்த மாதிரிதான் இருந்திச்சு” என்றார் அப்பா.

அடுத்த வீட்டு வெள்ளையம்மா, “சும்மா கெடக்குற தட்டுல என் கூறச்சேலய வைக்கிறேன் அக்கா” என்று தொடங்கி வைத்தார். பிறகு லயமே வந்தது. சேலை, குடை, பித்தளைக் குடம் என்று நிறைந்தது. காலையில் ஒவ்வொருவராக வந்து திறக்கச் சொல்ல, அம்மா வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்குப் பிந்திப் போனார். கங்காணி அரைப்பேர்தான் போட்டார்; நாள் முழுக்க ரப்பர் பால் வெட்டியும் அரைநாள் சம்பளம்தான். இது வாராவாரம் நடக்கிறது.

ஆகவே தயவுசெய்து லொறியுடன் வந்து அலுமாரியைக் கொண்டுபோகவும். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் கடை செழிக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
பரிமளம்

பி.கு.: மாமா, வர வேண்டாம். நீங்கள் வந்து தூக்க வசதியாக இருக்கட்டும் என்று எல்லோருடைய சாமானையும் திருப்பிக் கொடுத்து, தட்டுகளையும் வாசல் நிலையையும் கழற்றி, அலுமாரியை இஸ்தோப்புக்குத் தள்ளினோம். அம்மா கொடியைத் திரும்பக் கட்டித் துணியைப் போட்டுப் பார்த்து, “இப்பத்தான் வீடு நெறஞ்சிருக்கு” என்றார். அலுமாரி இப்போது சாரலை மறைக்கிறது. அப்பா இருமாமல் தூங்குகிறார். நான் அலுமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குள் எழுதினால் எல்லோரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போவார்கள்; இங்கே யாரும் தாண்டவில்லை. உள்ளே வைக்க மட்டும் எதையும் அனுப்பிவிடாதீர்கள். கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும், அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.