லேத்து வழிச் சொந்தம்

கேரள எல்லையிலுள்ள வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டாமலேயே அமெரிக்காவில் ஒரு குடும்பம் வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோயம்புத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருந்த எங்கள் அமெரிக்கா கவுண்டர். அவருடைய சொந்தப் பெயரை ஆதார் அட்டையைத் தவிர வேறு யாரும் உபயோகித்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் அவர் பட்டறையில் மிஷின் பாகங்களுக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிலும் புத்தம்புது சிஎன்சி மிஷின்கள். நடுவில் மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்த இரும்பு கடையும் ஒரு கிழட்டு அமெரிக்க லேத்து. அதோடு வந்த கேட்டலாக்கின் கடைசிப் பக்கங்களில் கம்பெனியின் வரலாறு அச்சாகியிருந்தது. கவுண்டர் அகராதியை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஒஹாயோவில் ஒரு கொல்லர் நீராவி இன்ஜின் செய்ய ஆரம்பித்தது, ஆற்று வெள்ளம் பட்டறையை அடித்துக்கொண்டு போனது, பிறகு லேத்துக்கு மாறியது, ஒரு நாள் எல்லாம் தீப்பிடித்து எரிந்தது. அந்தக் கொல்லரை அவர் பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் 'நம்ம பெரியவரு' தான்.

கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் ஒரு நாள், "லேத்து ரொம்பப் பழசுங்களா?" என்று வாயைக் கொடுத்துவிட்டார். "உக்காருங்க, சொல்றேன்" என்றார் கவுண்டர். ஒஹாயோவில் வெள்ளம் வடிவதற்குள் பாவம், அந்த மனிதரின் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. நானும் ஒரு தடவை பெரியவரின் முதல் இன்ஜின் ஐந்து குதிரைச் சக்தி என்று உளறிவிட்டேன். "ஆறுங்க தம்பி. தெரியாமப் பேசக்கூடாதுங்க" என்றவர், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கம்பெனி தீப்பிடித்த தேதியில் வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார். அன்றைக்குக் குடும்பமே பன்னும் வாழைப்பழமும்தான். ஆடி அமாவாசைக்குப் பேரூர் போய்ப் பெரியவருக்குத் தர்ப்பணம் வேறு. கோத்திரம் என்ன என்று ஐயர் கேட்டதற்கு, "நம்முளுதையே போடுங்க சாமி, அவுரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றாராம்.

இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க வந்த நாளில்தான் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை அவளோடு காலேஜில் படித்த பையன். இருவரும் மூன்று வருடம் போராடி இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தார்கள். கிணத்துக்கடவிலிருந்து இரண்டு கார் நிறைய வந்து இறங்கினார்கள். காப்பி, பலகாரம் எடுத்துக் கொடுக்க நானும் போயிருந்தேன். ஒரே கூட்டமாக, அதாவது ஒரே குலமாக இருந்தால் அண்ணன் தங்கை முறையாகிவிடும் என்பதால் முதலில் அதை விசாரித்தார்கள். வேறு வேறு கூட்டம். ஜாதகமும் பொருந்திவிட்டது. தட்டு மாற்றுவதுதான் பாக்கி. அப்போது பையனின் அப்பா, "நம்ம பட்டறையிலயும் ஒரு அமெரிக்கா லேத்து கெடக்குதுங்க" என்று பெருமையாகக் கம்பெனியின் பெயரையும் சொன்னார்.

கவுண்டர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது நம்ம பெரியவரோட தம்பி கோவிச்சுட்டுப் போயி ஆத்துக்கு அக்கரையில ஆரம்பிச்ச கம்பெனியாச்சுங்களே."

"அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க!"

"என்னத்த சந்தோசமுங்க? அண்ணந்தம்பி பட்டறைங்க. நாம பங்காளி ஆயிப்போட்டமுங்க. புள்ளைக அண்ணன் தங்கச்சி முறைங்க. இந்தக் கல்யாணம் ஆகாதுங்க."

யாரோ சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. கூத்து என்னவென்றால், முறை என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தியின் முகமும் மாறிவிட்டது. "ஏனுங்க, இதுலயும் முறை பாக்கோணுங்களா?" என்று அவர் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார்.

"இரும்புக்கு ஏதுங்க முறை? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா?" என்று கவுண்டரின் மனைவி கத்தினார். சுகன்யா கதவருகில் நின்றபடி, "அப்பா, வேண்டாங்ப்பா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. சாமி படத்துக்குக் கீழே இருந்த கேட்டலாக்கை எடுத்துப் பிரித்தேன். "தம்பி இல்லீங்ணா, மச்சினன்னு போட்டிருக்குதுங்க. பெரியவரோட தங்கச்சி ஊட்டுக்காரரு. அப்ப இது பொண்ணு குடுத்து எடுக்கற முறைதானுங்க" என்று, இல்லாத வரியைக் கணீரென்று படித்தேன்.

கவுண்டர் என் கையிலிருந்து அதை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியின் மேல் விரலை ஓட்டினார். அதில் தம்பி என்றுதான் இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். பிறகு கேட்டலாக்கை மூடினார்.

"ஆமாங்க, மச்சினந்தானுங்க. நாந்தான் தப்பாப் படிச்சுப்போட்டேன்."

தட்டு மாற்றினார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கவுண்டரை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். லேத்துக்கு முன்னால் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க பெரியவரே. உங்களுக்கு இல்லாத தங்கச்சிய உண்டாக்கிப்போட்டமுங்க. புள்ள அழுதுபோட்டாளுங்க, எனக்குத் தாங்கலீங்க."

அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் போய்க் கை கூப்பி நின்றேன்.