நவம்பர் முழுக்க ஓடிய கெஸ்ட்ரல்

"இனிமே ஆபீசுக்குக் கெஸ்ட்ரல்லதான் போவேன். தினமும்!"

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சமையலறை நடுவில் நின்று, கையில் ஸ்பேனரோடு இப்படிப் பிரகடனம் செய்தேன். ஸ்பேனர் எதற்கு என்று கேட்காதீர்கள். அது கையில் இருந்தால்தான் கிளெண்டா முன்னால் எனக்குக் குரல் எழும்பும்.

என் மனைவி கிளெண்டா மேஜையில் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்த ஆபீசுக்கு?"

"எனக்கு எத்தனை ஆபீஸ் இருக்கு? நகராட்சி ஆபீசுக்குத்தான்."

"அது வாரத்துல அஞ்சு நாள் திறந்திருக்குமே, டெஸ். உன் வண்டி அஞ்சு வாரத்துக்கு ஒருநாள்தானே ஓடும்?"

இதற்குத்தான் நான் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னேன். இருபத்துநாலு வருஷம் முன்னாடி, மனசுக்குள்.

கெஸ்ட்ரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1963-ல் செய்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு ஆசை மட்டும் படலாம். அதைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. லிங்கன் ஊர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் அதைக் கண்டுபிடித்தபோது டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு வண்டியை வாங்கி வந்து ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷமும் அது என் கார் ஷெட்டில், நான் அதன் அடியில்.

ஊரில் மற்றவர்கள் பழைய வண்டியைப் பளபளவென்று துடைத்துக் கோடையில் நாலு நாள் ஊர்வலம் விடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. எங்கள் ஷெஃபீல்ட் ஊர் மழையிலும் மேட்டிலும் தினம் ஓடவேண்டும் என்று மாற்றிக் கட்டினேன். பால் வண்டியிலிருந்து ஹீட்டர். டாக்சியிலிருந்து சீட்டு. ரேடியேட்டருக்குக் கரண்ட் விசிறி. நாலு கியர் இருந்த இடத்தில் அஞ்சு. இதனாலேயே பழைய வண்டிக் கிளப்பில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. அசலைக் கெடுத்த பாவியாம் நான்!

கிளெண்டா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் கையைக் கழுவினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"சரி, ஒரு பந்தயம் வச்சுக்கலாம். நவம்பர் மாசம் பூரா, ஒவ்வொரு வேலை நாளும் இந்த வண்டியில கிளம்பணும், இந்த வண்டியிலயே திரும்பணும். செஞ்சுட்டா இது தினசரி வண்டின்னு ஒத்துக்கறேன். ஆயுசுக்கும் உன்கிட்டயே இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன்."

"ஒருநாள் தவறினா?"

"ஹாரோகேட் பல் டாக்டர்."

ஹாரோகேட்டில் ஒரு பல் டாக்டர் மூன்று வருஷமாக என் வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார், எனக்கில்லை, வண்டியின் பெயருக்கு.

"சம்மதம்" என்றேன். ஸ்பேனர் காலில் விழுந்தது.

முதல் எட்டு வேலை நாள் ஓடியது. ஓடியது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேனே தவிர, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'டிக்' என்றால் பயம். 'டிக்' நின்றுவிட்டால் அதைவிடப் பயம். ஆபீசில் வரைபடங்களுக்கு முத்திரை குத்தும்போது அந்தச் சத்தம் கேட்டால்கூட ஜன்னலுக்கு ஓடினேன். ராத்திரி தூக்கத்தில் சோக்கை இழுக்கிறேன் என்று கிளெண்டாவின் காதை இழுத்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் காலை. எங்கள் வீடு மேட்டில். சர்ச் உச்சியில், அதற்கு முப்பது கஜம் கீழே நாங்கள், அங்கிருந்து ஒரே இறக்கம். இறக்கத்தின் அடியில் என் சிநேகிதன் ஹெட்லியின் பட்டறை. பட்டறை வாசலுக்கு வந்தபோது இன்ஜினுக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

ஹெட்லி மூடியைத் திறந்து, இன்ஜினின் மேல்பாகத்தைப் பிரித்து எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"டேய், தொப்பியை எதுக்குடா கழட்டற?"

"பிஸ்டன்ல ஓட்டை. என் கட்டைவிரல் போகுது பாரு."

"விரலை எடுடா! எப்ப சரியாகும்?"

"அளவுக்குச் செஞ்சு வரணும். கிறிஸ்துமஸுக்குள்ள வந்தா உன் அதிர்ஷ்டம்."

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருஷம்! பல் டாக்டர் டாக்சி சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெல்வெட் போடுவதும், கெஸ்ட்ரல் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பதும் கண்முன் வந்தது. அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"இந்தா, மூக்கைச் சிந்து" என்று எண்ணெய்த் துணியைக் கொடுத்தான் ஹெட்லி. "கிளெண்டா என்ன சொன்னா? வண்டியில கிளம்பணும், வண்டியில திரும்பணும். இன்ஜின் ஓடணும்னு சொன்னாளா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் மேட்டைப் பார்த்தான்.

திட்டம் இதுதான். காலையில் பிரேக்கை விட்டால் வண்டி தானே உருண்டு பட்டறைக்கு வந்துவிடும். நான் பஸ் ஏறி ஆபீஸ் போய்விடுவேன். சாயங்காலம் ஹெட்லி தன் வேனில் கயிறு கட்டி, பின்பக்கச் சாலை வழியாகச் சர்ச் உச்சிக்கு இழுத்து வந்து விடுவான். அங்கிருந்து முப்பது கஜம் உருண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். சத்தத்துக்கு என்ன செய்வது? எங்களை மாதிரி ஆட்களிடம் அதற்கும் வழி உண்டு. போன கோடையில் கிளப்பில் இனிய இன்ஜின் சத்தத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அதற்காகக் கெஸ்ட்ரல் பாடியதை ஹெட்லி கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். நாலாவது பரிசு. சீட்டுக்கு அடியில் டேப் ரெக்கார்டரை வைத்து, முழுச் சத்தத்தில் திருகிவிட்டோம்.

அன்று சாயங்காலமே அப்படித்தான் வீடு வந்தேன். மறுநாள் காலை ராஜா மாதிரி உருண்டேன். சாயங்காலமும் உருண்டு வந்து நின்றேன். இரண்டு நாள் கழித்து, நான் வரும்போது கிளெண்டா வாசலில் நின்றிருந்தாள்.

"இப்பல்லாம் புகையே வரலையே, டெஸ்?"

"சரி பண்ணிட்டேன்."

"ஷெட்டுத் தரையில எண்ணெய் சொட்டறதும் நின்னு போச்சு."

"அதுவும் சரி பண்ணிட்டேன்."

"அடேயப்பா! நாளுக்கு நாள் நல்லாயிட்டே வருதே."

செத்துப்போன நாளிலிருந்து என் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் நிம்மதி இல்லை. பஸ்ஸில் தெரிந்த முகம் வந்தால் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டேன். ஒருநாள் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது.

பதினாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் கிளெண்டா இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை'யை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு உன் வண்டி இருமுச்சு."

பட்டாணி என் தொண்டையில் நின்றது. கேசட்டில் ஹெட்லி இருமியிருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை!

"குளிர் இல்லையா? கார்புரேட்டர் இருமும். சகஜம்."

"ரெண்டு தடவை இருமுச்சு."

"கார்புரேட்டர் ரெண்டு இருக்கே."

"அப்புறம் 'அடச்சே, நாய் வந்துடுச்சு'ன்னு சொல்லுச்சு."

"அது… நான்தான் சொன்னேன். ஒரு நாய் குறுக்க வந்தது."

"உன் குரல் மாதிரி இல்லையே."

"எனக்கும் ஜலதோஷம்" என்று இருமிக் காட்டினேன். அவள் எழுந்து போய் இருமல் மருந்து எடுத்து வந்தாள். இரண்டு கரண்டி. முழுங்கினேன். பத்து நாளைக்குத் தொடர்ந்து முழுங்கினேன்.

அதோடு விட்டாளா? மூன்றாவது வாரம், கோட்டும் தொப்பியுமாக வாசலில் வந்து நிற்கிறாள்.

"என்னையும் டவுன்ல இறக்கி விட்டுடு, செல்லம்."

"முடியாது! பக்கத்து சீட்டைக் கழட்டிட்டேன்." கழற்றவில்லை. அப்புறம் ஓடிப் போய்க் கழற்றினேன்.

"எதுக்கு?"

"எடை குறையணும்னு."

"யாரோட எடை, டெஸ்மண்ட்?"

முழுப் பெயரைச் சொன்னால் நான் பேசக் கூடாது என்று எங்கள் வீட்டுச் சட்டம். அவள் தெருவில் நின்ற தன் சின்னக் காரிடம் போய், கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினாள். நான் பால் வண்டி ஹீட்டரைப் போடுவது போல் பாசாங்கு செய்துவிட்டு உருண்டேன்.

நவம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை. சர்ச் உச்சியில் ஹெட்லி கயிற்றை அவிழ்த்தான். கடைசி முப்பது கஜம். கேசட் பாடியது, இருமியது, நாயைத் திட்டியது. வாசலுக்குள் நுழைந்து பிரேக்கைப் போட்டேன். கிளெண்டா குடையோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ஜெயிச்சுட்ட டெஸ்! ஒரு நாள்கூடத் தவறல. இது தினசரி வண்டிதான், நான் ஒத்துக்கறேன். பல் டாக்டருக்கு இன்னிக்கே கடுதாசி போட்டுடறேன், விக்கறதா இல்லைன்னு."

போட்டுவிட்டாள். என் கண்ணெதிரே தபால் பெட்டியில் போட்டாள். அன்று ராத்திரி ஆப்பிள் 'பை'யும் கஸ்டர்டும். ஒரு மாசத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் நான் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் லாரி. இரண்டு ஆட்கள் ஒரு பெரிய மரப்பெட்டியை இறக்கினார்கள்.

"எங்கம்மா வைக்கணும்?"

"கார் ஷெட்டுல. சுவத்தை ஒட்டி" என்றாள் கிளெண்டா.

நான் பைஜாமாவோடு ஓடினேன். "என்ன இது? என்ன பெட்டி?"

"சூளை. மண்பாண்டம் சுடற கரண்ட் சூளை. ஆர்டர் குடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து எட்டுப் பேருக்கு வகுப்பு எடுக்கப் போறேன்."

"ஷெட்டுல வண்டி இருக்கே!"

"தெருவைப் பாரு, டெஸ்."

பார்த்தேன். இந்தப் பக்கம் பதினாறு வீடு, அந்தப் பக்கம் பதினாறு வீடு. எல்லார் வண்டியும் மழையில் தெருவில் நின்றது.

"தினமும் ஓடற வண்டியை யாராவது ஷெட்டுல வைக்கறாங்களா? அவங்க ஷெட்டுல புல்வெட்டி இருக்கும், உடைஞ்ச கட்டில் இருக்கும். ஓடாத வண்டிக்குத்தானே ஷெட்டு வேணும்? உன்னுது ஓடற வண்டியாச்சே."

"அதுக்கு… துணிக் கூரை, கிளெண்டா! துரு பிடிச்சிடும்!"

"குளிரையும் மழையையும் தாங்கும்னுதானே ஏழு வருஷம் மாத்திக் கட்டின? இல்ல, ஓடலைன்னு சொல்றியா?"

லாரி ஆட்கள் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள் என் நிலைமையை! ஓடவில்லை என்று சொன்னால் ஷெட்டு பிழைக்கும், வண்டி ஹாரோகேட் போய்விடும். ஓடுகிறது என்றால் வண்டி என்னுடையது, நனைந்துகொண்டு. மழை என் காலருக்குள் இறங்கியது.

"ஓடுதா, ஓடலையா? அவங்களுக்குக் கை வலிக்குது பாரு."

"ஓடுது" என்றேன்.

"சத்தமா."

"பிரமாதமா ஓடுது!"

நானே பிரேக்கை விட்டு வண்டியைத் தெருவுக்குத் தள்ளினேன். சக்கரத்துக்கு இரண்டு செங்கல் வைத்தேன். ஏழு வருஷத்து ஸ்பேனர்கள், டப்பாக்கள், கோழி இறகு ஒட்டிய பழைய சீட்டு எல்லாவற்றையும் மாடிக்குச் சுமந்தேன். சூளை என் இடத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் மழை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துணிக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. உள்ளே போய் மூன்று வாளி வைத்துவிட்டு வந்தேன். மனசு ஆறவில்லை. ஆனாலும் ஒரே ஒரு ஆறுதல். கேசட்டும் பஸ்ஸும் அவளுக்குத் தெரியாது. அந்த மட்டில் நான்தான் கெட்டிக்காரன். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கிளெண்டாவிடம் ஒரு விஷயத்தை முழுசாக மறைத்துவிட்டேன்! அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

கிளெண்டா டீயைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். என் பக்கத்தில் நின்று, அவளும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து பஸ் ஸ்டிரைக்காம், ரேடியோவில சொன்னாங்க" என்றாள். "ஆபீசுக்கு நாலு மைல் இருக்கு. நல்ல ஷூவாப் பாத்துப் போட்டுக்கோ, செல்லம்."