மொட்டைமாடியில் சிரியஸ்

நட்சத்திரம்காட்டி என்றொரு மனித வகை உண்டு. பகலில் அடையாளம் தெரியாது. கடை வைத்திருப்பார், வரி கட்டுவார், நம்மைப் போலவே பேருந்துக்குக் காத்திருப்பார். பொழுது சாய்ந்ததும், வீட்டுக்கு வந்தவரைக் காப்பிக் கோப்பையும் கையுமாக மொட்டைமாடிக்கு ஓட்டிக்கொண்டு போய், தோளைப் பிடித்துத் திருப்பி, முகவாயை நிமிர்த்தி, "அதோ, தண்ணித் தொட்டிக்கு மேல, பளிச்சுனு" என்று ஆரம்பித்துவிடுவார். தப்பித்தவர் யாருமில்லை.

எங்கள் வீட்டுக்காரர் அசல் நட்சத்திரம்காட்டி. கீழே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவில் அவர் குடும்பம், மேலே வாடகைக்கு நான். மாடிக்கு வழி என் வாசலைத் தாண்டித்தான். ஆகவே சிரியஸைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இரவு வானத்து நட்சத்திரங்களில் அதுதான் ரொம்பப் பிரகாசம். அதன் வெளிச்சம் இங்கே வர எட்டரை வருஷம். நட்சத்திரக் கணக்கில் அது பக்கத்து வீடு. பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. கூட இருப்பது பூமியளவுதான், கனமோ சூரியனளவு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பெரியது தள்ளாடுவதைப் பார்த்துத்தான் பக்கத்தில் ஏதோ இழுக்கிறது என்று கண்டுபிடித்தார்களாம். "எனக்குத் தெரியலையே" என்று யாராவது சொன்னால் மறுநாள் கடைக்கு வரச் சொல்வார். எந்தக் கண்ணாடிக்கும் தெரியாத ஒன்றைப் பார்க்கக் கண்ணாடி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் அவருடைய தங்கை பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். அண்ணனிடம் கொஞ்சம் பேசவேண்டும் என்றாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்ததுமே அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்கு? மாடிக்குப் போய்ப் பேசலாமே என்றார்.

நான் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன், நகர வழியில்லை. தங்கை இரண்டு முறை பேச வாயெடுத்தாள். மேகம் விலகட்டும் என்று இரண்டு முறையும் அடக்கினார். விலகியது.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்திவர அம்பது வருஷம். அந்தச் சின்னதுதான் ஒரு காலத்துல பெருசா இருந்துச்சு. எரிஞ்சு எரிஞ்சு இப்படி ஆயிடுச்சு. ஆனாலும் பாரு, விட்டுட்டுப் போகல."

"நான் விட்டுட்டு வந்துட்டேண்ணா," என்றாள் தங்கை. "இனிமே அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. எத்தனை நாளாக இந்தக் கஷ்டம் என்று மெல்லக் கேட்டார். கல்யாணமான மறுவருஷத்திலிருந்தாம். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வந்தாளாம். ஒவ்வொரு முறையும் சிரியஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாளாம்.

"எனக்குத் தெரியலையேம்மா."

"மேலயே பாத்துக்கிட்டிருந்தா எப்படித் தெரியும்?"

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, தங்கையோடு போய் அவளுடைய சான்றிதழ்களையும் தையல் இயந்திரத்தையும் எடுத்து வந்தார். மைத்துனர் வாசலில் நின்று கத்தினாராம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம், நம்பத்தான் கஷ்டமாயிருக்கிறது. பின்னறை இப்போது தங்கையுடையது.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? நேற்று பொழுது சாயும் நேரத்தில் மின்கணக்கு எடுக்க வந்தவரையும் மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன் மட்டும், "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறார். பாவம், அந்த மனிதர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்குச் சிரியஸுக்கும் தெருவிளக்குக்கும் வித்தியாசம் தெரியாமலிருக்கலாம். அதனால் நீங்கள் வேறு வகை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து பக்கத்தில் ஒருவர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தாரே, யார் என்று பார்த்தீர்களா?