ஜோசையா டகெட் அடித்த அடி

இனி வெர்னாவுக்குப் பயப்படுவதில்லை என்று திங்கட்கிழமை காலை தீர்மானம் போட்டேன். மத்தியானத் தபாலில் இரண்டு சின்னக் குழாய்கள் வந்தன. தீர்மானம் செத்தது.

"துப்பு நெவில்," என்றாள் என் மனைவி.

"என்ன துப்பு?"

"இதுல துப்பினா உன் பரம்பரைக்குத் துப்பு கிடைக்கும். டி.என்.ஏ. சோதனை. தூரத்துச் சொந்தமெல்லாம் வரிசையா வந்து நிக்குமாம்."

என் முதுகு சில்லிட்டது.

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஹோபார்ட் ஊரில், அந்தக் காலத்தில் பிரிட்டனிலிருந்து விலங்கோடு கப்பலில் வந்திறங்கிய கைதி ஒருவராவது முன்னோராக இருந்தால்தான் மரியாதை. வெர்னாவின் முப்பாட்டன் ஓவன் ரியர்டன் பாலாடைக்கட்டி திருடி வந்தவர். இங்கே சிறையில் இன்னொரு துண்டு ரொட்டி கேட்டு ஐம்பது சவுக்கடி வாங்கியவர்.

"அடிச்சவன் வம்சத்துல ஒருத்தன் மாட்டட்டும், தோலை உரிக்கிறேன்!" கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வான்கோழியை அறுத்துக்கொண்டே சபதம் செய்வாள்.

என் முப்பாட்டன் ஜோசையா டகெட் ஆடு அடித்து மாட்டிக்கொண்டு வந்தவர் என்று நானும் ஊரெல்லாம் அளந்திருந்தேன். போன மாதம் ஆவணக் காப்பகத்தில் போய்ப் பார்த்தேன். அவர் அடித்தது ஆட்டை இல்லை, ஆளை. சிறைச்சாலையின் சவுக்கடிக்காரர். அடி வாங்கியவர்களில் ரியர்டனும் ஒருவர்.

வரப்போகும் சொந்தத்தில் எவனாவது ஒருத்தன் வாயைத் திறந்தால் போதுமே!

வேலிக்கு அந்தப் பக்கம் கிளைவ் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்தான்.

"கிளைவ், கொஞ்சம் துப்பேன்."

"உன் மேலயா? ரொம்ப நாள் ஆசைப்பா."

"குழாய்ல. ஒரு டஜன் பீர் தரேன். ஏன்னு கேக்காத."

துப்பினான். மூடி, என் பெயர் ஒட்டி, வெர்னாவின் குழாயோடு தபாலில் போட்டேன். அப்படியும் தூக்கம் வரவில்லை. தபால்காரர் தொப்பியைப் பார்த்தாலே கொல்லைப்பக்கம் ஓடினேன்.

ஒருநாள் காலை உணவின்போது வெர்னா போனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடிவு வந்துடுச்சு நெவில்."

கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன்.

"உன் தாத்தாவும் என் தாத்தாவும் அண்ணன் தம்பியாம். நாம ரத்த சொந்தமாம்!"

"ஐயையோ!"

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டோமே! பாதிரியார் மூஞ்சில எப்படி முழிப்பேன்? சாயங்காலத்துக்குள்ள பெட்டியக் கட்டு. பிரிஞ்சிடுவோம்."

அவள் இல்லாத வீட்டை ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். யாரும் என்னைத் திட்டாத வீடு. ஜோசையாவின் சவுக்கே தேவலை.

"அது என் எச்சில் இல்ல வெர்னா! கிளைவோடது!"

"அவனோடதா? உன்னோடதுக்கு என்ன கேடு?"

கொட்டிவிட்டேன். ஜோசையா, சவுக்கு, ரியர்டன், ஆடு, எல்லாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு தோல் உரியக் காத்திருந்தேன்.

"கிளைவ் துப்பின அன்னைக்கே வந்து உளறிட்டான்," என்றாள் நிதானமாக. "ஏன்னுதான் அவனுக்குத் தெரியல."

"அப்போ... அந்த ரத்த சொந்தம்?"

போனை என் பக்கம் திருப்பினாள். திரை இருட்டாக இருந்தது.

"போன் நேத்தே செத்துப்போச்சு. சார்ஜ் போடு, அக்காவுக்கு இதைச் சொல்லணும்."