நான் துப்பறிந்த காதுகுத்து

தன்னைக் கெட்டிக்காரி என்று நம்புகிறவளால் குடும்பத்துக்கு வரும் கேடு வேறு யாராலும் வராது. நான் ஒரு மாதம் அப்படி நம்பித் திரிந்தேன். எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் கேமால் வந்தது.

அப்போது பரவையில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஒரு வயது முடியப்போகிறது. அவள் தூங்கும் நேரமெல்லாம் லேப்டாப்பில் ஒரு பழைய கொலை மர்ம கேமோடு கிடந்தேன். மழையில் துண்டிக்கப்பட்ட பங்களா, எட்டு விருந்தாளிகள், நூலக அறையில் ஒரு பிணம். இந்த கேமில் ஓடவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். கண்ணில் பட்டதையெல்லாம் மௌஸால் கிளிக் செய்ய வேண்டும், எல்லோரிடமும் பேச வேண்டும், யார் பேச்சு எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சாவிக்காக ஒரே பூந்தொட்டியை நான்கு நாள் கிளிக் செய்தேன். (சாவி நாய்க்கூண்டில் இருந்தது.)

"செத்தவனே எந்திரிச்சு வந்து சொல்லிருவான் போல. இன்னும் எம்புட்டு நாளைக்கு?" என்பார் என் வீட்டுக்காரர்.

இணையத்தில் விடை பார்க்காமல் நானே கண்டுபிடித்தேன். கடைசிக் காட்சியில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, கொலைகாரனை நோக்கி விரலை நீட்ட வேண்டும். நீட்டினேன், சரியாக இருந்தது. நீட்டிய விரலை அத்தோடு மடக்கியிருக்கலாம்.

அடுத்த வாரம் சமயநல்லூரில் ஒரு கோயில் மண்டபத்தில் மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் என் ஒரே தம்பி சரவணன், திருவாதவூரில் விவசாயம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அவன் கொண்டுவரும் தங்கத் தோட்டைத்தான் பிள்ளை காதில் போட வேண்டும். என் மாமியார் வீட்டார் முன்னால் அவன் மரியாதையும் என் மரியாதையும் அந்தத் தோட்டில் இருந்தது. அந்த வருடம் அவனுக்கு விளைச்சல் சரியில்லை. "சின்னதாப் போட்டாலும் போதும்டா" என்று போனில் சொன்னேன். "நீ அதப் பேசாத" என்று வைத்துவிட்டான்.

மேளத்தோடு சீர் வந்தது. தட்டில் பழம், பட்டுப் பாவாடை, நடுவில் சிவப்பு டப்பா. தட்டைச் சாமி முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் மொட்டை போடுகிற இடத்துக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து, பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்து டப்பாவைத் திறந்தால், காலி.

புத்தியுள்ளவள் பத்து நிமிடம் பொறுத்திருப்பாள். நான் விசாரணையில் இறங்கினேன். கோயிலைச் சுற்றப் போயிருந்தேன் என்றார் மாமனார். மேலெல்லாம் பீடி நாற்றம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார் சர்க்கரை நோயுள்ள மாமியார். முந்தானையில் லட்டுத் தூள். கேமில் பொய் சொல்கிறவன்தான் கொலைகாரன். அந்தக் கணக்கில் பார்த்தால் மொத்த மண்டபத்தையும் கம்பி எண்ண வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தம்பியிடம் வந்தேன். "தோடு எங்கடா வாங்குன?"

"கடையிலதாங்கா. புதுசு."

"எந்தக் கடை?"

அவன் பிள்ளையின் மொட்டையில் சந்தனத்தைத் தடவினான். பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டி காளீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபோது காதைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போட்ட ஏழுகல் தோடு இல்லை, பச்சைக் கவரிங் தொங்கியது. எனக்குள் பங்களாவின் கதவு திறந்தது.

"எல்லாரும் உக்காருங்க" என்றேன்.

"ஏய், விடு. மாப்ள சரவணன் பாத்துக்குவான்" என்றார் என் வீட்டுக்காரர். (வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே நல்ல யோசனை அது.)

"டப்பாவுல தோடே வைக்கல. பொண்டாட்டிக்கே கவரிங் போட்டுருக்கான். தோட்டுக்கு வழியில்லாம வெறும் டப்பாவச் சீர்ல வச்சு, காணாமப் போனதா நாடகம் போடுறான்" என்று என் உடன்பிறப்பை நோக்கி விரலை நீட்டினேன். அவன் மடியிலிருந்த என் மகள் அந்த விரலைப் பிடித்து இழுத்து விளையாடினாள்.

காளீஸ்வரிதான் சொன்னாள். "ஏந்தோட்ட அழிச்சுத்தான் மதினி பாப்பாவுக்குச் செஞ்சோம். ஒங்க மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சா ஒங்களுக்குக் கொறச்சல்னுதான் கடையில வாங்குனதுன்னு சொன்னாரு."

அப்போதுதான் காது குத்தும் ஆசாரி கையில் ஒரு கிண்ணத்தோடு டீக்கடையிலிருந்து வந்தார். "என்ன, எல்லாரும் எழவு வீட்டுல மாதிரி உக்காந்துருக்கீக? தோட்ட நாந்தான் எடுத்து எண்ணெயில ஊறப் போட்டேன். அப்பத்தான் பிள்ளைக்கு வலிக்காம எறங்கும்."

அத்தனை பேரை விசாரித்த நான் ஆசாரியை விசாரிக்கவில்லை. கேமில் ஆசாரி கிடையாது.

காது குத்தியபோது மகள் அழுதாள். தம்பிக்கும் கண் கலங்கியது. செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு. எல்லாம் முடிந்ததும் பிள்ளையை என் கையில் கொடுத்து, "வாரேங்கா" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டியோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். அண்டா அண்டாவாகக் கெடாக்கறி கொதிக்கிறது, தாய்மாமன் கை நனைக்காமல் போகிறான். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒருவரும் ஒருவரைத் திட்ட முடியாது.

மாமியார் வீட்டில் இது இன்றைக்கும் பெரிய நகைச்சுவை. கரண்டி காணவில்லை என்றாலும், "எல்லாரையும் ஹால்ல உக்கார வைக்கச் சொல்லுங்கப்பா" என்பார் மாமனார். ஆறாவது படிக்கிற என் மகள் விரலை நீட்டி நடித்தே காட்டுகிறாள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்கள்.

தம்பி என் வீட்டு விசேஷம் எதையும் விட்டதில்லை. விடிகாலை முதல் பஸ் ஏறி, சீர்த்தட்டோடு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பான். இலை போட்டுக் கூப்பிட்டால் மட்டும், "வேணாங்கா, சாப்ட்டுத்தான் வாரோம்" என்பான். முதல் பஸ்ஸுக்கு முன்னால் எப்போது சாப்பிட்டான் என்று நான் கேட்பதில்லை. போட்ட இலையை நானே எடுத்துவிடுகிறேன்.