எண்பத்தைந்துக்குக் கீழே

"தொண்ணூத்தஞ்சு," என்றாள் நர்ஸ்.

உலகம்மைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இருக்காதும்மா! எண்பத்துநாலரதான். நல்லாப் பாருங்க."

நர்ஸ் நல்லாவே பார்த்தாள். மெஷின் மனசு மாறவில்லை.

திருநெல்வேலி டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "எண்பத்தஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் மூட்டு ஆபரேஷன்னு சொன்னேன். வந்துட்டேன்னு போன் பண்ணீங்க. சரி, ஆபரேஷனுக்கு முன்னால நிறுத்தணுமேன்னு எடை கொறைக்கிற ஊசிய நிறுத்தச் சொன்னேன். பத்து நாள்ல பத்து கிலோவா? எதுலம்மா எடை பாத்தீங்க?"

"எங்க மண்டித் தராசுதான் சார். சீல் வச்ச தராசு," என்று முந்திக்கொண்டார் அவள் புருஷன் அய்யாத்துரை அண்ணாச்சி. தென்காசியில் புளி மண்டி வைத்திருப்பவர். "தராச ஒரு குத்தம் சொல்ல முடியாது சார். இவ வாய்தான் அடங்காது."

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். வாய் அடங்காதது உண்மைதான். வாராவாரம் வயிற்றில் ஊசி போட்ட காலமெல்லாம் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பியவள், நிறுத்திய நாலாம் நாளே ஏழு இட்லியை முடித்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்திருந்தாள்.

மனசைத் தேற்ற, பக்கத்து வீட்டு ஷாரோனும் எதிர்வீட்டுப் போலீஸ்காரர் மனைவி ஜெயசித்ராவும் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். சாரல் பிரமாதமாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, ஆறு வருஷமாக அவள் அருவியில் நனையவில்லை. வழுக்குப் பாறையில் முட்டி நிற்காது. அவர்கள் குளிக்க, இவள் துணிமணிக்குக் காவல். அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு தடவை தலையைக் கொடுத்தால் போதும் என்று ஏக்கமாக இருந்தது.

குளித்த பசிக்குப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தார்கள். குளிக்காதவளுக்குத்தான் பசி அதிகம்.

"ஊசிய நிறுத்துனா பசி பேயா வரும் மதினி," என்றாள் ஜெயசித்ரா. "எனக்கு மூணு மாசத்துல அஞ்சு கிலோ திரும்பிட்டு. இப்ப வேற ஊசி போடுதேன். இதுல வாந்தி கம்மி. காலையிலதான் அரை மணி நேரம் பாத்ரூம்லயே குத்தவைக்கணும்."

"அதுக்கு என் மாத்திர எவ்வளவோ தேவல," என்றாள் ஷாரோன். "வெறும் வயித்துல போடணும். நாள் பூரா ஓங்கரிக்கும். மத்தபடி ஒரு தொந்தரவும் கெடையாது."

"நாள் பூரா ஓங்கரிக்கது தொந்தரவு இல்லியா?"

"பசிக்காதுல்லா! ஆனாலும் பத்து நாள்ல பத்து கிலோன்னு நான் எங்கயும் கேள்விப்படல. ஒங்க ஒடம்பே தனி ஒடம்புக்கா."

உலகம்மை மாத்திரைக்கு மாறினாள். புளி வாசனை பட்டாலே குமட்டியது. புளி மண்டிக்காரர் பெண்டாட்டிக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்? மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வழக்கம்போல, நாலு பேர் பார்க்க ஏற வெட்கப்பட்டு, மண்டி பூட்டிக்கிடந்த ஞாயிற்றுக்கிழமை தராசில் ஏறினாள். எண்பத்துநாலு!

"எதுக்கும் மருந்துக்கடை மெஷின்லயும் ஒருக்கப் பாத்துருவோமா?" என்றாள்.

"டன் டன்னா நிறுக்கவன் பெண்டாட்டி, ரோட்டு மெஷின்ல ஏறி நிக்கணுமாக்கும்! போட்டீ, ஒன் வேலயப் பாத்துக்கிட்டு."

டாக்டர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தினார்கள். இந்த முறை அவளே அடுக்களையைப் பூட்டிச் சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அவர் இடுப்பில் செருகிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்குப் பசி வந்தது. சாமி முன்னால் இருந்த வாழைப்பழம் போயிற்று. கற்கண்டு போயிற்று. இனிப்பாக இருக்கிறதே என்று இருமல் மருந்தும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் தொண்ணூத்துநாலு.

"இன்னொரு தடவ இப்படி வந்தா வேற டாக்டரப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

திரும்பி வருகையில் அண்ணாச்சி பஸ்ஸே கேட்கும்படி கத்தினார். "சாமி கல்கண்டக் கூட விடலியேட்டி! ஒன் ஒருத்தி வயித்துக்காக நான் எத்தன பேரு முன்னால தல குனியணும்?"

பாவூர்சத்திரம் வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் வயிற்றை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்புறம் ஜெயசித்ரா போட்டுக்கொள்ளும் அந்த ஊசி. அதோடு ஒருவேளைக் கஞ்சி. இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முட்டியைப் பிடித்துக்கொண்டே மண்டிக்குப் போனாள். வாசலில் ஒரு விவசாயியின் புளி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே அண்ணாச்சி போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஏறினாள். எண்பத்துமூணு.

சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இனி ஊசியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பசி வரும். அந்தப் பசியை நம்பி அவளால் இன்னொரு தடவை டாக்டர் முன்னால் நிற்க முடியாது.

"ஏ சுடலமுத்து, எத்தனன்னு நீயும் ஒருக்கப் பாத்துச் சொல்லு," என்றாள், இருபது வருஷமாக அங்கே மூட்டை தூக்குபவனிடம். "இந்த எடையிலதான் ஆபரேஷனுக்குப் போகணும்."

சுடலைமுத்து மூட்டையை இறக்கிவைத்தான். விவசாயியைப் பார்த்தான், உள்ளே அண்ணாச்சியைப் பார்த்தான், அவள் காதருகே குனிந்தான்.

"அய்யய்யோ ஆச்சி, இது வெவசாயிககிட்ட சரக்கு வாங்குத தராசுல்லா, நூறு கிலோவத் தொண்ணூறுன்னுதான் காட்டும், அண்ணாச்சி ஒங்ககிட்டகூடவா சொல்லல?"